ஏழு மேசைக்கு ஒரே தோரணம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவே இல்லை. ஒரு மாத இதழின் கல்யாணச் சிறப்பிதழுக்கு, "வரவேற்பு மேசைக்குச் சிக்கன அலங்காரம்: வீட்டிலேயே செய்யலாம்" என்று ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். ஒரே பக்கம், அதிலும் பாதி படத்துக்கு. நானும் சமர்த்தாக ஆரம்பித்தேன்.

தேவையான பொருட்கள்: காலி மைப்புட்டிகள், சம்பங்கிப் பூ, ஆவாரம்பூ, தோல் துண்டு—

தோல் துண்டா? சாப்பிடுகிற மேசையிலா? கை தானாக எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு 'வண்ணக் காகிதம்' என்று மாற்றப் போனேன். அப்போதுதான் ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். புறங்கை இரண்டிலும் பட்டைச் சாயம் ஏறிச் செங்கல் நிறம்.

"காகிதம் நிக்காது. அங்க காத்து ஜாஸ்தி," என்றாள்.

எங்கே என்று கேட்டேன். ஆம்பூரில், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் கூடத்து முற்றத்தில் என்றாள். வருஷம் 1932. பேர் சலோமி. அதற்குமேல் அவளை ஒரு பக்கத்துக்குள் உட்கார வைக்க முடியவில்லை. சிறப்பிதழ் நான் இல்லாமலே வெளிவந்து நன்றாக விற்றதாகக் கேள்வி.

2

தொடக்கம் என்று முதலில் எழுதியது இது: "பாலாற்று மணல்வெளியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்த வேளையில்—" வேண்டாம். இந்தக் கதையில் பொழுது சாய்வதைப் பார்க்க எவருக்கும் நேரமில்லை.

அடுத்து: "சலோமி ஓர் ஏழைப் பெண்." எழுதிவிட்டு நிமிர்ந்தால் சலோமி முறைக்கிறாள்.

கடைசியில் இது வந்தது: தானியேலுக்குப் பெண் நிச்சயமான சேதி வந்ததும் சலோமி பட்டை இடிக்கிற உலக்கையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

இந்த வாக்கியம் ஓடுகிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன். ஓடுகிறவளை நிறுத்தாமல் விவரத்தையும் சொல்லிவிடலாம். தானியேல் அவள் தம்பி. தாய் தகப்பன் போனபிறகு, ஆட்டுத்தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டையை இடித்து இடித்துத்தான் சலோமி அவனைப் படிக்க வைத்தாள். இப்போது அவன் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெண் சவுந்தரம், அதே வேலூரில் பள்ளிக்கூடத்து டீச்சர். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் ஞானமுத்து சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், அவர்தான் எல்லாம். கல்யாணம் ஆம்பூர்க் கிறிஸ்தவக் கோயிலில்.

சலோமி ஓடி நின்ற இடம் ஷபீ அஹமதுவின் வீடு. ஷபீ அஹமது அந்தத் தோல் கூடத்தின் கணக்கர். அவர் மனைவி நசீமுன்னிசாவுக்குப் பேறுகாலத்தில் துணையாக வந்த நாளிலிருந்து சலோமிக்கு அவள் ஆபா, அதாவது அக்கா.

"ஆபா! தம்பிக்குப் பொண்ணு முடிஞ்சிடுச்சு! டீச்சரு!"

"அல்ஹம்துலில்லா! மொதல்ல மூச்சு உடு. எப்போ?"

"வர்ற மாசம். தரையில பந்தி கெடயாதாம் ஆபா. மேசை போட்டு டீ பார்ட்டியாம். பொண்ணே சொல்லிச்சாம், மேசை மேல பூவு கீவு இருந்தா அழகா இருக்கும்னு."

"மேசை மேல பூவா? அத சாப்புட்றதா, பாக்கறதா?"

"பாக்கறது."

"இன்னா செலவாவும்?"

"செலவே ஆவக் கூடாது. அதான் உங்களாண்ட ஓடியாந்தேன்."

நசீமுன்னிசா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலைத் தேட எழுந்தாள்.

3

அலங்காரம் இருக்கட்டும், மேசை வேண்டுமே. ஆம்பூரில் அப்போது ஒரு கல்யாணத்துக்குப் போதுமான மேசை ஓர் இடத்தில்தான் இருந்தது: தோலை விரித்து ஓரம் கத்தரிக்கிற ஏழு நீள மேசைகள், தோல் கூடத்தில். ஷபீ அஹமது முதலாளியிடம் பேசினார். வெள்ளிக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. அன்றைக்கு மேசையும் முற்றமும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் முதலாளி.

(கிறிஸ்தவர்கள் வெள்ளிக்கிழமை கல்யாணம் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். மற்ற நாளில் மேசைமேல் தோல் கிடக்கும்.)

சாம்பலும் எலுமிச்சைத் தோலும் போட்டு மேசைகளைத் தேய்த்துப் பார்த்தாள் சலோமி. ஒத்திகைதான். மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு ஷபீ அஹமதுவிடம் சொன்னாள்: "வாசன போவல பாய். ஆனா கொஞ்சம் வெக்கப்பட்டு ஒதுங்கி நிக்குது."

பிறகு அலங்காரம். நசீமுன்னிசா பட்டம் விடுகிற காகிதத்தில் ரோஜா செய்தாள். அப்படியொரு ரோஜா! வீட்டுக்குள் இருக்கும்வரை ராணி மாதிரி இருந்தது. முற்றத்து மேசையில் கொண்டுபோய் வைத்ததும் ஆற்றுக்காற்று ஒரே தூக்காகத் தூக்கித் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியில் போட்டது. தொட்டிக்குள் மிதக்கிற ரோஜாவைப் பார்த்து சலோமிக்கு முதலில் அழுகையும் அப்புறம் சிரிப்பும் வந்தது.

அடுத்தது மைப்புட்டி. கணக்கறையில் ஷபீ அஹமது காலியான புட்டிகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் தண்ணீர் ஊற்றி புட்டிக்கொரு சம்பங்கிக் காம்பைச் செருகினார்கள். சலோமி சரியாகக் கழுவவில்லை. அடியில் நீல மை ஒட்டியிருந்தது. மறுநாள் காலை நசீமுன்னிசா தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். வெள்ளைச் சம்பங்கியின் இதழோரமெல்லாம் நீலம்! மெல்லிசாக, நரம்பு நரம்பாக, பூ தானே மை குடித்து எழுதிக்கொண்ட மாதிரி.

"சலோமி! பூவு மை குடிச்சிருக்குது!"

"இனிமே ஒரு புட்டியையும் கழுவாதீங்க ஆபா!"

மூன்றாவதுதான் தோல். பதனிட்ட ஆட்டுத்தோலின் ஓரத்தைக் கத்தரித்துப் போடும் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். பசை காய்ச்சுகிறவர்கள் அள்ளிப் போவார்கள். பட்டை இடித்துவிட்டுத் திரும்பும்போது வெயில் அந்தக் குவியல்மேல் விழுந்திருந்தது. பழுத்த மாவிலை நிறம். சலோமி நின்றுவிட்டாள்.

இந்த இடத்தில் எனக்குள்ளிருக்கும் கட்டுரைக்காரி தலையை நீட்டுகிறாள். அவளுக்கும் ஒரு பத்தி கொடுத்துவிடுவோம், பாவம். செய்முறை: துண்டை விரல் நீள இலையாக வெட்டவும். காம்புப் பக்கம் ஒரு கீறல். அடுத்த இலையின் நுனியை அந்தக் கீறலுக்குள் நுழைத்து இழுக்கவும். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டே போகும். கீறலில் ஓர் ஆவாரம்பூக் கொத்தைச் செருகினால்—

செருகினால் மாவிலைத் தோரணம் மஞ்சள் பூத்த மாதிரி இருந்தது. சலோமி கழுத்தில் போட்டுக்கொண்டு நசீமுன்னிசா முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். காற்று வந்து இழுத்துப் பார்த்தது. தோரணம் அசையவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை தானியேல் வேலூரிலிருந்து வந்தான். வீட்டுச் சுவரெல்லாம் தோரணம். மேசைக்கொன்றாக ஏழு. கண்ணை விரித்துப் பார்த்தான், தொட்டான், சிரித்தான். அப்புறம் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இத பாரேன், இலைக்கு நடுவுல நரம்பு கூட கீறியிருக்கேன்."

"மேசைய ரெண்டா பிரிச்சிப் போடச் சொல்றாரு சவுந்தரத்தோட மாமா."

"எதுக்கு ரெண்டு?"

"வேலூர்லேர்ந்து வர்றவங்க ஒண்ணுல. இங்கத்தி ஆளுங்க, அதான் டேனரி ஆளுங்க, இன்னொண்ணுல. கொஞ்சம் தள்ளி. டீயானாலும் பந்தி பந்திதான்னு சொல்றாரு. அவங்க வூட்ல அப்படித்தானாம்."

சலோமி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள். "நான் எதுல?"

அந்த இலையைத் தானியேல் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கோயில்ல எல்லாரும் ஒரே பாத்திரத்துல திராட்சரசம் குடிக்கிறோமே. டீக்கு மட்டும் இன்னாடா?"

"ஒரு மணி நேர விஷயங்க்கா. பேஜார் இல்லாம முடிஞ்சிட்டா போதும்."

"சவுந்தரத்துக்குத் தெரியுமா?"

"அதுகிட்ட சொல்லல."

(தானியேலை முதல் பிரதியில் இன்னும் மோசமாக எழுதியிருந்தேன். அக்காளை அலட்சியமாகப் பார்த்து, "உன் கையப் பாரு" என்று சொன்னான் அதில். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது; ஆனால் பொய். அவன் பேசும்போதெல்லாம் தன் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய் முகர்ந்தான். தன்மேல் இன்னும் பட்டை வாசம் வருமோ என்று பயம். பயந்தவனைக் கெட்டவனாக எழுதுவது சோம்பேறித்தனம். கிழித்துவிட்டேன்.)

அவன் சாயங்கால ரயிலுக்குப் போனான். சலோமி சுவரிலிருந்து தோரணங்களை உருவி எடுத்தாள்.

5

"இந்தாங்க ஆபா. அடுப்புல போடுங்க."

நசீமுன்னிசா குவியலையும் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள். "தோலு எரிஞ்சா தெருவே மூக்கப் புடிச்சிக்கினு வந்து நிக்கும். உக்காரு. இன்னா ஆச்சி?"

சலோமி சொன்னாள். சொல்லும்போது அழவில்லை, சொல்லி முடித்தபிறகு அழுதாள். நசீமுன்னிசா தோரணத்தின் ஒரு நுனியை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"எங்கள்ல விருந்துன்னா தஸ்தர்கான் விரிப்போம், தெரியுமில்ல? இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒரே துணி. அதச் சுத்திதான் எல்லாரும் உக்காரணும். நல்ல கறித்துண்டு யாரு பக்கம் போவுதுன்னு எனக்கும் தெரியும், அது வேற. ஆனா துணி ஒண்ணு. நடுவுல கிழிச்சிட்டா அது தஸ்தர்கான் இல்ல, கந்தல்."

சலோமி மூக்கைத் துடைத்தாள். ஏழு தோரணங்களும் தரையில் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றின் கடைசி இலையைப் பார்த்தாள். அடுத்ததன் முதல் இலையைப் பார்த்தாள். நுனியைக் கீறலுக்குள் நுழைத்து இழுத்தாள். மாட்டிக்கொண்டது.

"ஆபா," என்றாள். குரல் மாறியிருந்தது. "பாய்கிட்ட சொல்லி இன்னும் கொஞ்சம் துண்டு வாங்கித் தர முடியுமா?"

"எதுக்கு?"

"மேசைக் காலையும் சேத்துச் சுத்தணும்."

ஒரு நொடி நசீமுன்னிசாவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். உள்ளறையில் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

(இங்கே நான் எழுத்தை நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன். எனக்கே கை பரபரத்தது.)

அந்த வாரம் பட்டைக் கொட்டகைப் பெண்கள் மத்தியானக் கஞ்சி குடித்த கையோடு உட்கார்ந்து இலை வெட்டினார்கள். எதற்கு என்று சலோமி எல்லாரிடமும் சொன்னாள். ஒருத்தரும் வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் கொட்டகையில் அத்தனை சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை என்று மேஸ்திரி சந்தேகப்பட்டு இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

6

வெள்ளிக்கிழமை. ஷபீ அஹமது ஜும்ஆ தொழுகை முடித்து நேரே முற்றத்துக்கு வந்தார். நசீமுன்னிசா முக்காடிட்டுக் கணக்கறை ஜன்னல் திரைக்குப் பின்னால் முன்கூட்டியே இடம் பிடித்திருந்தாள். கோயிலிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். பின்னால் பாதிரியாரும் வேலூர்ச் சனமும்.

சவுந்தரம் முற்றத்தில் கால் வைத்தவள் நின்றாள்.

ஏழு மேசையும் ஒட்டி ஒரே நீளம். அதன்மேல் பழுத்த மாவிலை நிறத்தில், ஆவாரம்பூ மஞ்சள் தெறிக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே தோரணம். ஒவ்வொரு மேசை இணைகிற இடத்திலும் கீழே இறங்கி, இரண்டு மேசைக் கால்களையும் சேர்த்துச் சுற்றி, மறுபடி மேலே ஏறியது. நடுநடுவே மைப்புட்டிகளில் நீலம் படர்ந்த சம்பங்கி. காற்று அடித்தது. பூக்கள் ஆடின; எதுவும் பறக்கவில்லை.

"அய்யோ, இவ்ளோ அழகா!" என்றாள் சவுந்தரம். கல்யாணப் பெண் தலை குனிந்திருக்க வேண்டும் என்பதை மறந்து மேசையோடு நடந்து தோரணத்தை விரலால் தொடர்ந்தாள். "இது இன்னா இலைங்க?"

அந்தக் கோடியில் டீக் கெட்டிலோடு நின்றாள் சலோமி. பொய் சொல்லலாம். "ஆட்டுத்தோலும்மா. நாங்க பதப்படுத்துனது," என்றாள்.

சவுந்தரம் குனிந்து முகர்ந்தாள். "மழை பேஞ்ச மரம் மாதிரி வாசன," என்றாள்.

சலோமி கெட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் கீழே போட்டிருப்பாள்.

"அது இருக்கட்டும்," என்றார் ஞானமுத்து. கைத்தடியால் மேசையைத் தட்டினார். "ஏன் ஒட்டிப் போட்டிருக்கிறது? தானியேலிடம் சொல்லி அனுப்பியிருந்தேனே. தம்பிகளா, நடுவில் பிரித்து அந்த மூணையும் அந்தண்டை நகர்த்துங்கள்."

வேலூர் இளைஞர்கள் இரண்டு பேர் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நாலாவது மேசைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் கை வைத்து இழுத்தார்கள். ஐந்தாவது வந்தது. கூடவே நாலாவதும் வந்தது. மூணாவது, இரண்டாவது, எல்லாம் வந்தன. ஏழு மேசையும் தேர் மாதிரிக் கிறீச்சிட்டு ஒரு முழம் நகர்ந்து நின்றன. மறுபடி இழுத்தார்கள். தேர் மறுபடி நகர்ந்தது. புட்டிகள் கலகலத்தன. ஒருவன் தோரணத்தைப் பிடித்து அறுக்கப் பார்த்தான். கை சிவந்ததுதான் மிச்சம்.

கணக்கறை ஜன்னலில் திரை குலுங்கியது.

7

ஞானமுத்து சிரிக்கவில்லை. வேலூரிலிருந்து அவர் கொண்டுவந்த கேக் முதல் மேசையில் இருந்தது, பக்கத்தில் ரிப்பன் கட்டிய கத்தி.

"தானியேல். அந்தக் கத்தியை எடுத்து இதை அறு."

வேலூர் இளைஞர்கள் இரண்டு பேரும் மேசையிலிருந்து கையை எடுத்தார்கள்.

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். ஒரு பிரதியில் தானியேல் அறுத்தான். இரண்டு பக்கம் அப்படியே போனது. அதற்குமேல் சலோமியின் முகத்தைப் பார்த்து எழுத எனக்குத் தெம்பில்லை. இன்னொன்றில் சவுந்தரம் மனித சமத்துவம் பற்றிப் பேசினாள். நல்ல பேச்சு. அதனாலேயே எடுத்துவிட்டேன்; தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆன பெண், டீ கூடக் குடிக்காமல், அவ்வளவு கோவையாகப் பேசமாட்டாள். அவள் செய்தது, திரும்பித் தானியேலைப் பார்த்தது மட்டும். "ரெண்டா பிரிக்கிறதா? எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டது மட்டும்.

தானியேல் கத்தியை எடுத்தான்.

சலோமி அவன் கையைப் பார்த்தாள். அறுத்தால் அறுக்கட்டும், இலை மறுபடி வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அறுத்துவிட்டு இவன் எப்படி வாழ்நாளெல்லாம் இந்தப் பெண் முகத்தில் முழிப்பான் என்றும் நினைத்தாள். கர்த்தரே, கர்த்தரே என்று மட்டும் உதடு அசைந்தது.

கத்தி கேக்கில் இறங்கியது.

"கேக்கு காஞ்சிடும் மாமா," என்றான் தானியேல். குரல் உடைந்துதான் வந்தது; ஆனால் வந்துவிட்டது. ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்தான். தட்டை எடுத்துக்கொண்டு நடந்தான். முதல் மேசை தாண்டி, மூணாவது தாண்டி, தோரணத்தின் ஓரமாகவே. சவுந்தரம் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஏழாவது மேசையின் கோடியில் நின்றான்.

"அக்கா, வாயத் தொற."

"டே, பெரியவங்களுக்கு மொதல்ல குடுடா."

"அதான் குடுக்கறேன்."

அவள் வாய் திறக்கவில்லை, முடியவில்லை. சவுந்தரம்தான் கெட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்து, கேக்கை ஊட்டிவிட்டாள். பட்டைக் கொட்டகைப் பெண்கள் யாரோ குலவையிட்டார்கள். கிறிஸ்தவக் கல்யாணத்தில் குலவை உண்டா என்று பாதிரியார் யோசிப்பதற்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. பாதிரியாருக்குக் கிடைத்த இடம் ஷபீ அஹமதுவுக்கும் ஒரு பட்டைக்காரிக்கும் நடுவில். கோட்டைக் கழற்றிய இரண்டு இளைஞர்களும் வியர்வையோடு எங்கே இடம் இருந்ததோ அங்கே உட்கார்ந்து கேசரி கேட்டார்கள்.

8

நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேசரி போதவில்லை. டீ மூன்று தடவை கொதித்தது. தோரணத்தை அன்றைக்கு எவரும் அறுக்கவில்லை. சனிக்கிழமை காலை மேசைகளைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வோர் இலையாக உருவ வேண்டியிருந்தது, அதைச் சவுந்தரமும் உட்கார்ந்து உருவினாள்.

நிச்சயமில்லாதது ஞானமுத்து.

அவர் பெஞ்சு நிறைவதைப் பார்த்தார். கைத்தடியை எடுத்தார். ஒருவரிடமும் சொல்லாமல் வாசலைத் தாண்டி, ஸ்டேஷனிலிருந்து தன்னைக் கொண்டுவந்த ஜட்காவை நோக்கி நடந்தார். குதிரை நின்றது. வண்டிக்காரன் இல்லை.

"வண்டிக்காரா!"

வண்டிக்காரன் வேலாயுதம் ஆறாவது மேசையில் இருந்தான். வாசலில் சும்மா நிற்கிறானே என்று சலோமி கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். வாய் நிறையக் கேசரி. கையை மட்டும் தூக்கினான்.

"தோ வர்றேன் சாமி! இது ஒண்ணு முடிச்சிக்கிறேன்!"

நடந்து போகலாமென்றால் ஸ்டேஷன் தூரம். அவருக்கு முழங்கால் வலி. குதிரைக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே சிரிப்புச் சத்தம். அதில் தன் மருமகள் சவுந்தரத்தின் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டார். அவளைத் தூக்கி வளர்த்தவர் அவர். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும்.

அவர் கோபமாகப் போய்விட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். மனம் மாறி உள்ளே வந்து அமர்ந்தார் என்றும் எழுதினேன். முதலாவதை எழுதியபோது சலோமிக்கு வருத்தம். இரண்டாவதை எழுதியபோது எனக்கே நம்பிக்கையில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்த வரிகளுக்குக் கீழே சலோமி தன் பாட்டுக்கு ஒரு டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். நான் அனுப்பவில்லை. அவளாகத்தான் போகிறாள்.

"ஐயா, டீ," என்று நீட்டுகிறாள். செங்கல் நிறக் கை.

ஞானமுத்து குதிரையிலிருந்து கண்ணை எடுத்து அந்தக் கையைப் பார்க்கிறார்.

அவர் கை இனி உங்களுடையது. டம்ளர் பித்தளை, அவளுக்கு விரல் சுடுகிறது. ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள்.